எரிவாயுத் தோம்பைச் சாய்க்காதீர்
கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமாயினும் நம் ரப்பர்த் தோட்டமாயினும், லயத்து வீடுகளுக்குச் சமையல் எரிவாயுத் தோம்பு வண்டியேறியே வருகிறது. அதனுள் இருப்பது அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட வாயு. தோம்பு நிமிர்ந்து நின்றால் அடியில் திரவமும் மேலே ஆவியும் இருக்கும். படுத்திருக்கையில் வால்வு கசிந்தாலோ திரவமே வெளிப்பட்டு, ஏறத்தாழ 250 மடங்கு வாயுவாக விரியும். அவ்வாயு காற்றினும் கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மலைச்சாலையில் கசிந்தால் கீழ் லயத்திற்கே ஆபத்து.

இது வெறும் அச்சமன்று. 2012 ஆகஸ்டு 27இல், கேரள மாநிலம் கண்ணூருக்கு அருகே சாலா என்னுமிடத்தில் எரிவாயு லாரி கவிழ்ந்தது. பரவிய வாயு தீப்பற்றி, அருகில் வாழ்ந்தோர் பலர் மாண்டனர்.

ஆகவே, தோம்பை நிமிர்த்திக் கட்டித் திறந்த வண்டியிலேயே கொணர்வோம். எச்சரிக்கைக்கெனச் சேர்த்துள்ள நாற்றம் வீசினால், தீக்குச்சியையும் மின் சுவிட்சையும் தொடாது, கீழ் வீட்டாரையும் அழைத்துக்கொண்டு மேட்டுக்கு ஒதுங்குவோம்.