டி.வி. சொல்லித் தரும் பாடம்

"பாட்டீ, தட்டு கழுவறது பொம்பளைங்க வேலை. டி.வி.ல கூட அம்மாதானே கழுவறாங்க!"

போன ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கச் சொன்னதற்கு என் ஆறு வயதுப் பேரன் சொன்ன பதில் இது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் மூலையில் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்த அவன் அக்கா, ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து தம்பியின் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

இவர்களுக்கு யார் இதைக் கற்றுக் கொடுத்தார்கள்?

விளம்பரங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். துணி துவைப்பவள் அம்மா, அடுப்படியில் நிற்பவள் அம்மா. கறை போகும் ரகசியத்தை விளக்க மட்டும் எங்கிருந்தோ ஓர் ஆண் குரல் வந்துவிடும்! தினம் பத்துத் தடவை பார்க்கிற குழந்தை, 'உலகமே இப்படித்தான்' என்று நினைக்காதா?

நிறத்தின் கதையும் இதேதான். 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. கறுப்பாக இருந்தால் கல்யாணமும் இல்லை, வேலையும் இல்லை என்று பயமுறுத்தும் விளம்பரங்களைப் பார்த்து எத்தனை பெண்கள் கண்ணாடி முன் கலங்கியிருப்பார்கள்! இப்படிக் காட்டக் கூடாது என்று 2014-ல் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் விதி வகுத்தது. 2020-ல் அந்தக் கிரீமின் பெயரே 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. பெயர் மாறிவிட்டது, மனசு மாற வேண்டாமா? ஆண் பிள்ளைகளும் தப்பவில்லை. 2005-லேயே அவர்களுக்கென்று தனிச் சிவப்பழகு கிரீம் வந்துவிட்டதே!

வீட்டு வேலைக் கணக்கையும் கேளுங்கள். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிடுவது தெரிந்தது. ஆண்கள்? 97 நிமிஷம். அதுவும் நூறு ஆண்களில் சுமார் 26 பேர்தான் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்தார்கள்!

பிரிட்டனில் 2019-ல், ஆண் - பெண் பற்றிய தவறான எண்ணங்களை வளர்க்கும் விளம்பரங்களுக்குத் தடை விதித்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாத அசடுகளாக அப்பாக்களைக் காட்டிய விளம்பரம் ஒன்றும் அதில் மாட்டியது. நம் நாட்டிலும் 2022-ல் அந்தக் கவுன்சில் இதற்கென நெறிமுறைகள் வெளியிட்டது.

சட்டதிட்டம் இருக்கட்டும். நம் வீட்டில் என்ன செய்யலாம்?

குழந்தையோடு உட்கார்ந்து டி.வி. பாருங்கள். "ஏண்டா கண்ணா, இந்த வீட்டில் அப்பா எங்கே? அவர் ஏன் துவைக்கவில்லை?" என்று கேட்டு வையுங்கள். திட்ட வேண்டாம்; கேட்டால் போதும், அவர்களே யோசிப்பார்கள். பெண் குழந்தையிடம் நிறத்தைப் பற்றி விளையாட்டுக்குக்கூட எதுவும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று: டி.வி.யை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. என் மகன் தட்டைக் கழுவி அவன் பிள்ளை பார்த்ததே இல்லை. அப்படி வளர்த்தவள் நான்தானே!

அன்று ராத்திரி மகனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். மறுநாளிலிருந்து அவன் தட்டை அவனே கழுவுகிறான். பேரன் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தான். மூன்றாம் நாள் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானும் ஏறி நின்றான். சட்டையெல்லாம் தண்ணீர்.

பரவாயில்லை, சட்டை காய்ந்துவிடும்.