பஸ்ஸில் ஒரு பாக்!

ஜவ்வாது மலை ஏறும் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைச்சாச்சா? ஹெட்போனை மாட்டுங்க. ‘சிட்டுக்குருவி’ (1978) படத்தின் ‘என் கண்மணி’. அதுவும் பஸ் பாட்டுதான்! குரல் மேல குரலா ரெண்டு மெட்டு ஒரே நேரத்தில் ஓடும், மோதவே மோதாது. இதுக்குப் பேர் கவுன்டர்பாயின்ட்.

ஐரோப்பாவில் சுமார் 1600 முதல் 1750 வரை கொடிகட்டிப் பறந்த பரோக் இசைக்கு இதுதான் உயிர்நாடி. அதில் உச்சம் தொட்டவர் ஜெர்மனியின் பாக் (வெத்தலை பாக்கு இல்லீங்க!).

1986-ல் ‘ஹவ் டு நேம் இட்?’ ஆல்பத்தை பாக், தியாகராஜர் இருவருக்கும் சமர்ப்பணம் செய்தார் இளையராஜா. அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ கேளுங்க. பாக் எழுதிய வயலின் பிரிலூட் பாட்டுக்கு ஓட, கூடவே ராஜாவின் வயலின்கள் பேச்சுக் கொடுக்கும்.

அப்புறம் பழைய ராஜா பாட்டு எதையாவது போட்டு, பாடகரை விட்டுட்டு அடியில போற பேஸ் கிட்டாரை மட்டும் ஃபாலோ பண்ணுங்க. அங்கே தனியா இன்னொரு பாட்டு நடந்துக்கிட்டிருக்கும். இத்தனை நாள் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கோம்!

மலையில் சிக்னலை நம்பாதீங்க. கிளம்பும் முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்குங்க.