தமிழ்க் கடவுத்தொடரிலிருந்து மறையாக்கத் திறவுகோல்: வரைகலை நிரலாக்கச் சூழலில் எழுத்துக் குறியாக்கத்தின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

நினைவில் நிற்கும் சொற்றொடரிலிருந்து மறையாக்கத் திறவுகோலை உருவாக்கும் முறை, ஒரே தொடர் எப்போதும் ஒரே பைட் வரிசையைத் தரும் என்னும் எடுகோளின்மேல் அமைந்துள்ளது. தமிழில் அந்த எடுகோள் தானாக நிறைவேறுவதில்லை. லேப்வியூ என்னும் வரைகலை நிரலாக்கச் சூழலை முன்வைத்தும், கொங்கு வட்டாரப் பெயர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டும் இச்சிக்கலையும் அதன் தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கடவுத்தொடர், மறையாக்கம், லேப்வியூ, ஒருங்குறி, இயல்பாக்கம், கொங்கு நாடு.

1. முன்னுரை

பம்பு, மோட்டார், நெசவு எந்திரம் ஆகியவற்றின் உற்பத்திக்குப் பெயர்பெற்ற நகரம் கோயம்புத்தூர். ஒரு பம்பைச் சோதிக்கும்போது நீரோட்ட அளவு, ஏற்ற உயரம், மின்நுகர்வு ஆகியவை உணரிகளின் வழியே கணினியில் பதிவாகின்றன. இத்தகைய அளவீட்டுப் பணிகளுக்கென நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட சூழலே லேப்வியூ. இதில் நிரல் வரிகளாக எழுதப்படுவதில்லை; செயற்கணுக்களைக் கம்பிகளால் இணைத்து வரைபடமாக அமைக்கப்படுகிறது. ஒரு கணுவுக்குரிய உள்ளீடுகள் அனைத்தும் வந்து சேர்ந்தபின்னரே அது இயங்கும்.

சோதனை முடிவுகளை உரியவர் மட்டுமே காண வேண்டுமெனில் அவற்றை மறையாக்கம் செய்தல் வேண்டும். ஏஇஎஸ் முறைக்கு 128, 192 அல்லது 256 பிட் நீளமுள்ள திறவுகோல் தேவை. தற்போக்கான 32 பைட்டுகளை மனிதர் நினைவில் வைத்திருத்தல் அரிது. எனவே சில சொற்களாலான கடவுத்தொடரிலிருந்து திறவுகோல் வருவிக்கப்படுகிறது.

2. திறவுகோலை வருவிக்கும் முறை

கடவுச்சொல்லுடன் 'உப்பு' எனப்படும் தற்போக்கு மதிப்பைச் சேர்த்தலும், கணிப்பை வேண்டுமென்றே மெதுவாக்குதலும் ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்சன் ஆகியோர் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கப்பட்டன. இவ்விரு கருத்துகளின் பொதுவடிவமே ஆர்எஃப்சி 2898 ஆவணம் 2000இல் வரையறுத்த பிபிகேடிஎஃப்2 முறை. கடவுத்தொடர், உப்பு, சுழற்சி எண்ணிக்கை, திறவுகோலின் நீளம் ஆகிய நான்கும் இதன் உள்ளீடுகள். உப்பு மறைவாக இருக்க வேண்டியதில்லை, கோப்புடனேயே சேமிக்கலாம்.

லேப்வியூவில் இம்முறை ஒரு 'ஃபார்' சுழற்சியாக அமையும். உப்பின் இறுதியில் தொகுதி எண்ணை நான்கு பைட்டாக ஒட்டி, கடவுத்தொடரைத் திறவியாகக் கொண்ட எச்மேக் கணிப்புக்கு உட்படுத்த வேண்டும். வரும் விடை மீண்டும் அதே கணிப்புக்குள் செல்லும். சுழற்சியின் ஓரத்திலுள்ள இரண்டு பெயர்வுப் பதிவகங்களுள் ஒன்று அண்மை விடையையும், மற்றொன்று அதுவரை வந்த விடைகளின் 'எக்ஸ்ஆர்' தொகையையும் தாங்கும். ஷா-256 பயன்படும்போது ஒரே தொகுதியில் 256 பிட் கிடைக்கும். ஆர்எஃப்சி 2898 குறைந்தது 1000 சுழற்சிகளைப் பரிந்துரைத்தது. ஷா-256 வழிப்பட்ட பிபிகேடிஎஃப்2 முறைக்கு ஓவாஸ்ப் அமைப்பின் வழிகாட்டுதல் 6,00,000 சுழற்சிகளைக் குறிப்பிடுகிறது.

3. ஒரே சொல், இரு பைட் வரிசைகள்

உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு 2010 சூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் நடைபெற்றது. தமிழ் இணைய மாநாடும் உடன் நிகழ்ந்தது. அவ்வாண்டே தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. இவ்விரண்டிலும் ஒரே சொல்லுக்குக் கிடைக்கும் பைட் வரிசைகள் வேறுவேறு என்பது வெளிப்படை. ஆனால் ஒருங்குறிக்குள்ளேயே வேறுபாடு எழுவதுண்டு.

'கொங்கு' என்னும் சொல்லின் முதல் எழுத்தை இருவகையில் குறிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இடுவது ஒருவகை; ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியெண்களாக இடுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. யூடிஎஃப்-8 வடிவில் முன்னது 18 பைட், பின்னது 21 பைட். ஒரு பிட் மாறினாலும் திறவுகோல் முழுவதும் மாறும். ஆகவே ஒரு கணினியில் பூட்டிய கோப்பு, சரியான தொடரையே இட்டாலும், வேறொரு கணினியில் திறவாமற்போகலாம்.

இதற்குத் தீர்வு இயல்பாக்கம். கடவுச்சொற்களுக்கு ஒருங்குறியின் என்எஃப்சி வடிவத்தை ஆர்எஃப்சி 8265 விதிக்கிறது. தமிழ் எழுத்துகளைப் பொறுத்தவரை இது ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, ஔ என்னும் நான்கு இணைப்புகளில் அடங்கும். எனவே பைட் வரிசையில் நான்கு 'தேடி மாற்றும்' கணுக்களை இட்டாலே போதும்.

இயல்பாக்கத்தால் தீராத பிழையும் உண்டு. நொய்யலில் கலக்கும் கௌசிகா ஆற்றின் பெயரைப் பலர் 'கெ'யும் 'ள'கரமும் சேர்த்துத் தட்டச்சு செய்கின்றனர். இது வேறொரு குறியாக்கமன்று, வேறொரு சொல். ஔகாரம் வரும் சொற்களைக் கடவுத்தொடரில் தவிர்ப்பதே பாதுகாப்பானது.

4. வரைபடத்துள் தமிழ்

லேப்வியூவின் சரங்கள் பைட் வரிசைகளே. அவை நெடுங்காலமாக இயங்குதளத்தின் குறிப்பக்கத்தையே சார்ந்திருந்தன. அக்குறிப்பக்கத்தில் இல்லாத தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறக்கூடும். அவ்வாறு மாறினால் 'கொங்கு', 'கௌசிகா' ஆகிய இரண்டும் ஆறு கேள்விக்குறிகளே. உப்பு ஒன்றாயின் திறவுகோலும் ஒன்றே. மறையாக்கமும் மறைநீக்கமும் பிழையின்றி நிகழ்வதால் இக்குறை சோதனையில் புலப்படாது. ஆறு குறியெண் கொண்ட எந்தத் தமிழ்ச் சொல்லும் கோப்பைத் திறந்துவிடும்.

எனவே கடவுத்தொடரை டாட்நெட் உரைப்பெட்டியின் வழியே பெற்று, அங்கேயே இயல்பாக்கி, யூடிஎஃப்-8 பைட் அணியாக மட்டுமே வரைபடத்துக்குள் கொண்டுவருதல் வேண்டும். ஒரே நீளமுள்ள இரு தமிழ்த் தொடர்களை இட்டு, திறவுகோல்கள் வேறுபடுகின்றனவா எனச் சரிபார்த்தலும் இன்றியமையாதது.

5. தொடரின் வலிமை

பைட் எண்ணிக்கை வலிமையின் அளவுகோலன்று. திருக்குறளில் ஒரு குறளைக் கடவுத்தொடராகக் கொண்டால் அது நூறு பைட்டைத் தாண்டும். எனினும் தாக்குபவர் சோதிக்க வேண்டியவை 1330 மட்டுமே. ஒவ்வொன்றுக்கும் 6,00,000 சுழற்சி எனினும் மொத்தம் 79.8 கோடி, இன்றைய வரைகலைச் செயலிக்கு அது சில நொடிப் பணி. மாறாக, 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஆறு சொற்களைத் தேர்ந்தால் ஏறத்தாழ 77 பிட் வலிமை கிட்டும்.

6. முடிவுரை

திறவுகோல் வருவிப்பு நெறிகள் பைட்டுகளை மட்டுமே அறியும், எழுத்துகளை அறியா. எழுத்து பைட்டாக மாறும் இடத்தைக் கணித நெறியின் ஒரு பகுதியாகவே கருதி, இயல்பாக்கத்தை வரைபடத்தின் முதற்கணுவாக அமைத்தல் வேண்டும். அதன்பின்னரே உப்பும் சுழற்சியும் தரும் பாதுகாப்பு, தமிழில் எழுதுவோருக்கும் முழுமையாகக் கிடைக்கும்.