‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா?

“தறி ஓடுதுங்களா?” என்பது வெள்ளகோவில் வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் விசாரிப்பு. தறிக்குக் கால்கள் இல்லை. அது இருந்த இடத்தை விட்டு அசைவதும் இல்லை. ஆயினும் அந்த ஓட்டத்தின் பொருள் சிறு பிள்ளைக்கும் விளங்கிவிடுகிறது. அதே பிள்ளை ஆங்கிலப் பாடத்தில் ‘ரன் என்றால் ஓடு’ என்று மனனம் செய்துவிட்டு, “மை ஃபாதர் ரன்ஸ் எ ஷாப்” என்ற வாக்கியத்தைக் கண்டதும் விழிக்கிறது. தகப்பனார் ஏன் கடையை ஓட வேண்டும்?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பிடித்திருந்த வினைச்சொல் ‘செட்’. அடுத்த பதிப்புக்கான திருத்தப் பணியில் ‘ரன்’ அதனை முந்திவிட்டது. பதிப்பாசிரியர் பீட்டர் கில்லிவர் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் இந்த ஒரு சொல்லோடு உழன்று, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார் என்ற செய்தி 2011-இல் வெளிவந்தது. இயந்திரங்கள் பெருகியது இதற்கு ஒரு பெருங்காரணம். கடிகாரம், புகைவண்டி, மோட்டார் என எது வந்தாலும் ஆங்கிலேயர் இச்சொல்லையே அதற்குச் சூட்டினர்.

நாமும் அவ்வாறே செய்திருக்கிறோம் அன்றோ? நம்மிடம் கடிகாரம் ஓடுகிறது, பேருந்து ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது. ஆகவே நம் பிள்ளைகளுக்குப் பாதிப் பொருள் முன்பே கைவசம் உண்டு. இடறுவதெல்லாம் இரு மொழிகளும் பிரியும் இடத்தில்தான். ஆங்கிலேயர் ஓட்டும் கடையை நாம் நடத்துகிறோம். தேர்தலிலோ அமெரிக்கர் ஓடுகிறார்கள். பிரிட்டிஷார் நம்மைப் போலவே நிற்கிறார்கள்!

இது வெறும் வேடிக்கை அன்று. கொங்கு நாட்டு விவசாயிக்கு ‘ட்ரை ரன்’ என்றால் நெஞ்சு பதறும். ஆழ்துளைக் கிணற்றில் நீர் வற்றிய பின்னும் மோட்டார் ஓடினால், அதனைக் குளிர்விக்க நீரின்றிச் சூடேறிக் காயில் எரிந்துவிடும். அதே சொல்லுக்கு அலுவலகத்தில் ஒத்திகை என்று பொருள். வளைகுடாவுக்குச் சென்ற நம் இளைஞர் ஒருவரிடம் மேலாளர், “நாளை ஒரு ட்ரை ரன் செய்து பாருங்கள்” என்றால், இயந்திரத்தைப் பாழாக்கச் சொல்கிறாரோ என்று அவர் திகைக்கக்கூடும். ‘ரன் அவுட்’டும் அத்தகையதே. கிரிக்கெட் பார்க்கும் பையனுக்கு அது ஆட்டமிழப்பு. “வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் யார்ன்” என்று நூல் வியாபாரி எழுதினாலோ, நூல் தீர்ந்துவிட்டது என்பது செய்தி. அதைப் புரிந்துகொள்ளாமல் பாவுக்குக் காத்திருந்தால் தறிதான் நிற்கும்.

மருத்துவர், “டஸ் இட் ரன் இன் தி ஃபேமிலி?” என்று வினவினால், இந்நோய் குடும்பத்தில் வழிவழியாக உண்டா என்று கேட்கிறார். பாட்டனாருக்குச் சர்க்கரை நோய் இருந்திருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுவே. கேள்வி விளங்காமல் தலையசைத்து வருவோர் பலர்.

எனவே பிள்ளைகளின் குறிப்பேட்டில் ‘ரன் – ஓடு’ என்று ஒற்றை வரியில் எழுதவிடாதீர்கள். முழு வாக்கியமாக எழுதி, அதற்கு நம் வீட்டில் எப்படிச் சொல்வோம் என்று பக்கத்திலேயே குறிக்கச் செய்யுங்கள். அடுத்து வரும் சொல்லையும் சேர்த்தே படிக்கட்டும். ‘ரன் ஓவர்’ என்பது வண்டி ஏறிவிடுதல். ‘ரன் இன்டு’ என்பது மோதுதல், எதிர்பாராமல் சந்தித்தலும்கூட.

தாய்மார்களுக்கும் ஒன்று உண்டு. புதுத் துணியின் உட்புறச் சீட்டில் “கலர்ஸ் மே ரன்” என்றிருந்தால் சாயம் போகும் என்று பொருள். அதனை வெள்ளைத் துப்பட்டியோடு ஒரே வாளியில் ஊறப் போட்டுவிடாதீர்கள்.