பன்னீர் திராட்சையை ருசிப்பது எப்படி?

பிரான்ஸின் போர்டோவில் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிக் காட்டி, வைன் ருசிக்கச் சொல்லித் தரும் டூர்கள் பிரபலம். நம்ம நாட்டில் நாசிக்கில், சூலா தோட்டத்தில் அது நடக்குது. கிளாஸை ஏன் சுழற்றுறாங்க? அப்போ மணம் தரும் மூலக்கூறுகள் சீக்கிரம் ஆவியாகி மூக்குக்கு வரும். ருசியில் பாதி வேலை மூக்கோடது.

இதைக் கத்துக்க வைனே வேண்டாம். சங்கரன்கோவிலில் கால் கிலோ பன்னீர் திராட்சை வாங்கிக் கழுவுங்க. இது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வாங்க. இப்போ தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையுது.

மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரு பழத்தை மெல்லுங்க. இனிப்பும் புளிப்பும் மட்டும்தான் தெரியும். கையை எடுத்தா ரோஜா வாசனை! ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் இதிலும் இருக்கு. அடுத்து தோலை மட்டும் மெல்லுங்க. துவர்க்குதா? அது டானின். எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து வாயை வறட்டும்.

ஷாம்பெயின் என்பது பிரான்ஸில் ஒரு வட்டாரத்தின் பெயர். அந்தப் பெயருக்கே விலை உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. ஆனா, வாங்குறவங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சாதான் விவசாயிக்கு அந்தப் பெயரால் விலை கிடைக்கும். அடுத்த தடவை, “கம்பம் பழமா அண்ணாச்சி?”ன்னு கேட்டு வாங்குங்க.