குடும்ப வாழ்வுக்கும் ஒரு வகுப்பு வேண்டும்

நோர்வேக்கு வந்து சேர்ந்த நாள் முதல் எங்களுக்கு வகுப்புகளுக்குக் குறைவில்லை. மொழி வகுப்பு, சமூகக் கல்வி வகுப்பு, வாகனம் ஓட்டும் வகுப்பு. மீன் பக்ரறியில் கத்தியை எப்படிப் பிடிப்பது என்றுகூடச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் பல வருடம் பிரிந்திருந்து ஒன்றுசேர்ந்த கணவனும் மனைவியும் எப்படிச் சேர்ந்து வாழ்வது, எங்களைவிட நன்றாக மொழி பேசும் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று வந்தால், "இதெல்லாம் படித்தா வருகிறது?" என்கிறோம்.

ஊரிலும் நாங்கள் படித்துத்தான் வந்தோம். அந்த வகுப்புக்குப் பெயர் இருக்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளை பிறந்தால் அம்மாவும் பெரியம்மாவும் பத்தியக்கறி வைத்தபடியே எல்லாவற்றையும் சொல்லித் தந்தார்கள். வீட்டுச் சண்டை வேலிக்கு வெளியே கேட்டால் மாமா ஒருவர் வந்து விறாந்தையில் உட்கார்ந்தார். அந்த வகுப்பிலும் குறை இருந்தது. "பொறுத்துப் போ" என்பதே பெண்களுக்கு அது தந்த முதற் பாடம். ஆனாலும் கேட்பதற்கு ஒருவர் இருந்தார். மாரியில் இரண்டு மாதம் சூரியனே எழாத பின்மார்க் கரையோர ஊரில் யார் வந்து எங்கள் விறாந்தையில் உட்காருவார்?

எமது வீடுகளில் சண்டை எங்கே தொடங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு அனுப்பும் காசு. தங்கையின் சீதனம், ஏஜென்சிக் கடன் என்று கணவன் அனுப்புவார். மனைவியின் தாய் தகப்பனுக்கு அனுப்பும் முறை வராது. அடுத்தது வீட்டு வேலை. இருவரும் ஒரே பட்டியில் நின்று மீன் வெட்டிவிட்டு வருகிறோம். வந்ததும் ஒருவர் ரீவிக்கு முன்னும் மற்றவர் அடுப்படியிலுமாக நிற்கிறோம். மூன்றாவது பிள்ளைகள்.

நோர்வேச் சட்டம் 1987 முதல் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்கிறது. சிறு அடியும் குற்றமே என்று 2010இல் அது மேலும் தெளிவாக்கப்பட்டது. இதை நாங்கள் சட்டமாக மட்டுமே கேள்விப்படுகிறோம். "அடிக்காதே, பார்னவேர்ன் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடும்" என்ற பயத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடிக்காமல் எப்படி வளர்ப்பது என்று சொல்வாரில்லை. கை ஓங்கப் பயந்த தகப்பன் பிள்ளையோடு பேசுவதையே விட்டுவிடுகிறார். பிள்ளையோ பெற்றோருக்குத் தன்னைக் கண்டு பயம் என்று விளங்கிக்கொள்கிறது.

இதற்கென்றே இந்நாட்டில் ஒரு நல்ல பாடநெறி உண்டு. கார்ஸ்தன் ஹுன்டைடெ, ஹென்னிங் ரியே என்ற நோர்வேஜிய உளவியலாளர் இருவர் உருவாக்கிய இதனை ஐ.சி.டி.பி. என்பார்கள். இதில் எட்டுக் கருப்பொருட்கள். அன்பை வெளியே காட்டுவது, பிள்ளையின் விருப்பத்தைக் கவனிப்பது, அதனோடு பேசுவது, பாராட்டுவது என்று தொடங்குகிறது. கட்டுப்பாடு எட்டாவதாகத்தான் வருகிறது! நாங்கள் அதை முதலாவதாக வைத்துத்தான் பழகியிருக்கிறோம். பெற்றோர் விடும் பிழைகளை இவர்கள் எண்ணுவதில்லை. ஏற்கெனவே நன்றாகச் செய்வதைக் கண்டெடுத்து வளர்க்கிறார்கள். வேற்றுமொழிப் பெற்றோருக்கு அவரவர் தாய்மொழியிலும் குழுக்கள் நடத்தப்பட்டுள்ளன. 2021இல் வந்த ஒருங்கிணைப்புச் சட்டத்தின்படி, அறிமுகத் திட்டத்தில் சேரும் அகதிகளில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர்கள் பெற்றோர் வழிகாட்டல் வகுப்பைக் கட்டாயம் முடிக்க வேண்டும்.

ஆனால் கணவன் மனைவிக்கான பாடத்தை நாங்களும் சேர்ந்துதான் வரைய வேண்டும். நாங்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லர். சாதாரண தரத்தோடு பாடசாலையை விட்டவர்கள். இருந்தும் வேலை இடைவேளைகளில் பேசிப்பேசி ஒரு வரைவு செய்திருக்கிறோம்.

ஆறு முதல் எட்டுக் குடும்பங்கள் போதும். எல்லோரும் ஒரே சொந்தக்காரராக இருக்கக்கூடாது. இருந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். முதலில் பெண்கள் தனியே, ஆண்கள் தனியே, பிறகு சேர்ந்து. ஐனவரி முதல் ஏப்ரல் வரை கொட் மீன் காலம். மேலதிக வேலை இருக்கும். ஆகவே வகுப்பு இலையுதிர் காலத்து ஞாயிறு பின்னேரங்களில். பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

முதற் பாடம் காசு. இருவரின் சம்பளச் சிட்டையையும் மேசையில் வைத்து, இரு பக்கத்துப் பெற்றோருக்கும் என்ன அனுப்பலாம் என்று இருவருமாக எழுதுவது. அடுத்தது ஒரு வாரத்து வீட்டு வேலைகளை யார் செய்தது என்று குறித்து வருவது. பிறகு போர் தந்த நித்திரையின்மையும் கோபமும். கடைசியாக, நாங்கள் பேசக் கூசும் பாடம்: திருமணம் என்பது மனைவியின் சம்மதமாகிவிடாது. இந்நாட்டுச் சட்டமும் அப்படியே சொல்கிறது.

குடும்ப ஆலோசனை நிலையங்கள், அதாவது பமிலியெவேர்ன்கொன்தூர், எல்லா மாவட்டங்களிலும் உள்ளன. பணமில்லை, டொக்டரின் கடிதமும் தேவையில்லை. அங்கிருந்து ஒருவரை வகுப்புக்கு அழைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். பெற்ற பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. அரச அலுவலகங்கள் அப்படிச் செய்வதை 2022இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டமும் தடுக்கிறது. தாய் தகப்பனின் சண்டையைப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

ஒன்றை முதல் நாளே ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆலோசகர் இரகசியம் காப்பார். ஆனால் பிள்ளைக்குக் கடும் ஆபத்து என்று கண்டால் பார்னவேர்னுக்கு அறிவிக்க வேண்டியது அவரது கடமை. இதை மறைத்து ஆட்களைச் சேர்த்தால் இரண்டாம் வாரமே கதிரைகள் வெறுமையாகும்.

அடி உதையில் இருப்பவர்கள் வகுப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2010 முதல் ஒவ்வொரு கொம்யூனும் பெண்கள், ஆண்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் பாதுகாப்பு இல்ல வசதி செய்து கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 116 006 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் உதவி கிடைக்கும். இந்த இலக்கத்தை எழுதிக் குசினியில் அல்ல, கைப்பையில் வையுங்கள்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களே, உங்கள் ஊரில் ஆறு குடும்பங்கள் சேருமா? எங்கள் வரைவைத் தருகிறோம். அதில் வெட்டுங்கள், கூட்டுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கும் ஊர்க் கோயிலுக்கும் நேரம் ஒதுக்கும் நாங்கள், எங்கள் வீட்டுக்கும் சில ஞாயிறுகளை ஒதுக்குவோம்.