உத்தியோக விண்ணப்பமும் எமது அடக்கமும்

கிங்ஸ்பரி அன்பர் ஒருவர் அண்மையில் தமது சுயவிபரத்தை என்னிடம் காட்டினார். கணக்காளர், மேலாளர் பதவியொன்றுக்கு விண்ணப்பிக்க இருந்தார். முதற் பக்கம் முழுவதும் படித்த பாடசாலை, பெற்ற பரிசில்கள், பிறந்த திகதி, மணமானவர் என்ற விபரம். நாற்பது பேரை நடத்திய அனுபவமோ நான்காம் பக்கத்தில் ஒரே வரி!

"என்னை நானே புகழலாமோ, டொக்டர்?" என்றார்.

இது புகழ்ச்சியல்ல. நோயாளியின் நெஞ்சுவலியைக் குறிப்பின் கடைசியில் எழுதும் வைத்தியரை யார் மன்னிப்பார்? எத்தனை பேர், எவ்வளவு பணம், தாங்கள் பொறுப்பேற்கு முன் நிலைமை என்ன, பின் என்ன என்பதை இலக்கத்தோடு முதலில் எழுதுங்கள். "செய்தோம்" என்பதில் தாங்கள் செய்தது எது? இரண்டு பக்கம் போதும். வயதும் மணவிபரமும் இந்நாட்டில் வேண்டியதில்லை.

எழுதினால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வைத்தியர்கள் அனீஸ் இஸ்மாயில், சாம் எவரிங்டன் இருவரும் சமதகுதியுள்ள கற்பனை விண்ணப்பங்களை ஆங்கிலப் பெயரிலும் ஆசியப் பெயரிலும் வைத்தியசாலைகளுக்கு அனுப்பினர். ஆங்கிலப் பெயர்களுக்கு இரு மடங்கு வாய்ப்பு! 1993இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் முடிவு வெளிவந்தது. ஆய்வு செய்தவர்களையே பொலிசார் கைதுசெய்தனர் என்பது வேறு கதை. இன்று என்.எச்.எஸ். விண்ணப்பங்களில் முதற் தெரிவின்போது பெயர் பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. தனியார் கம்பனிகள் பலவற்றில் அப்படியல்ல.

பெயரைச் சுருக்கலாமா என்றும் அன்பர் கேட்டார். எனக்குச் சம்மதமில்லை என்றேன். சென்ற வாரம் புதிய பிரதியைக் கொண்டுவந்தார்: இரண்டே பக்கம், நாற்பது பேர் மூன்றாவது வரியில், தகப்பனார் வைத்த பெயர் முழுமையாக.